ரங்கூன் கேட்ட அத்தாட்சி

காகிதங்களின்படி பார்த்தால் சேஷகிரி தம்முடைய பதினோராவது வயதில் தகப்பனாராகியிருந்தார்.

இதை அவராகக் கண்டுபிடிக்கவில்லை. ரங்கூனிலிருந்து மகன் வெங்கடராமன் எழுதிய கடிதத்தில் இருந்தது. 1937 ஆகஸ்ட் மாதம் ஒரு சாயங்காலம், சாமராஜபேட்டை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை இரண்டு தரம் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

பர்மா இப்போது தனித் தேசமாகிவிட்டது. இந்தியாவிலிருந்து தாய் தகப்பனை வரவழைத்து வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், வருகிறவர் தம்மைப் பெற்றவர்தான் என்று அத்தாட்சி காட்டவேண்டும். அப்பா அனுப்பியிருந்த சர்வீஸ் புத்தக நகலையும் தன்னுடைய மெட்ரிகுலேஷன் சர்டிபிகேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அதிகாரி சிரித்துவிட்டார். இப்படியெல்லாம் எழுதிவிட்டு, "அப்பா பிறந்தது 1882, நான் பிறந்தது 1893 என்று இருக்கிறது. இதற்குத் தக்க விளக்கம் வேண்டுமாம்" என்று வெங்கடராமன் முடித்திருந்தான்.

விளக்கம் இருந்தது. சேஷகிரி உண்மையில் பிறந்தது 1876. சர்க்கார் உத்தியோகத்தில் சேரும்போது வயதில் ஆறு வருஷத்தைக் குறைத்து எழுதினார். அந்தக் காலத்தில் பலரும் செய்ததுதான். வெங்கடராமன் பிறந்தது 1896. பையன் கெட்டிக்காரன். பரீட்சைக்கு உட்கார வயது போதவில்லை என்றார்கள். மூன்று வருஷத்தைக் கூட்டி எழுதினார். ஓரிடத்தில் குறைத்ததையும் இன்னோரிடத்தில் கூட்டியதையும் யாராவது ஒருநாள் ஒரே மேஜையில் வைத்துப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"இருபது வயசில பொறந்த பிள்ளை. பதினொண்ணுன்னு ஆயிடுத்து" என்றார் ரமாவிடம்.

ரமா அவருடைய மகள். பதினாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்து, படித்து, கன்டோன்மெண்ட் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அப்பாவும் அவளும்தான் அந்த வீட்டில். கடிதத்தை வாங்கி ஒருமுறைக்கு இரண்டு முறை படித்தாள். இத்தனை கேள்வி கேட்கிற ஊருக்கு அவசியம் போகத்தான் வேண்டுமா என்று கேட்டாள்.

போகத்தான் வேண்டும் என்றார் சேஷகிரி. அந்தச் சித்திரையில்தான் அவர் ஹெட் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றிருந்தார். மறுநாளே மகனுக்கு எழுதிவிட்டார்: மிச்சக் காலத்தை உன்னோடு கழிக்க உத்தேசம். பத்தொன்பது வருஷமாக அவனைப் பார்க்கவில்லை. மருமகளையும் இரண்டு குழந்தைகளையும் போட்டோவில் பார்த்ததோடு சரி. வெங்கடராமனும் மறுதபாலிலேயே பதில் போட்டான். அப்பா வருவதில் எல்லோருக்கும் பரம சந்தோஷம், ஆனால் இங்கே சட்டம் மாறியிருக்கிறது, சில காகிதங்கள் வேண்டியிருக்கிறது.

காகிதம் கேட்டது சேஷகிரிக்குப் பிடித்துத்தான் இருந்தது. முப்பத்தேழு வருஷம் காகிதங்களுக்கு நடுவில் இருந்தவர். மகனுக்கு எழுதும் கடிதத்திலேயே தலைப்பில் 'பார்வை: உன் கடிதம், இன்ன தேதி' என்று குறித்துவிட்டுத்தான் க்ஷேமலாபம் விசாரிப்பார்.

மறுநாள் ரமா ஸ்கூலிலிருந்து வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். சேஷகிரி அவளை எழுப்பாமல் தாமே காப்பி போட்டுக் குடித்துவிட்டு, தம் வயதைத் திருத்துவதற்கான மனுவை எழுத உட்கார்ந்தார்.

மனு நன்றாக அமைந்தது. சர்வீஸ் புத்தகத்தில் தம் பிறந்த தேதி கைத்தவறுதலாக 1882 என்று பதிவாகிவிட்டதென்றும், இத்துடன் இணைத்துள்ள ஜாதகப்படி அது 1876 என்றும், திருத்தித் தந்தால் வெளிநாட்டிலுள்ள மகனோடு சேர்ந்து வாழ ஏதுவாகும் என்றும் கேட்டுக்கொண்டார்.

மூன்று வாரத்தில் பழைய ஆபீஸிலிருந்து பதில் வந்தது. மனுதாரர் 1876இல் பிறந்தவரானால் 1931இலேயே ஓய்வு பெற்றிருக்கவேண்டும். அதன் பிறகு ஆறு வருஷம் அந்த நாற்காலியில் எந்த அதிகாரத்தின் பேரில் உட்கார்ந்திருந்தார், அந்த ஆறு வருஷத்தில் அவர் கையெழுத்திட்ட உத்தரவுகள் செல்லுமா செல்லாதா என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

படித்ததும் சேஷகிரிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இந்த நடை அவர் சொல்லிக்கொடுத்தது. எழுதியவன் அவர் தயார் செய்த பையன். பிறகுதான் கடைசி வரியை இன்னொரு தரம் படித்தார்.

மறுநாள் காலை, அவருக்குப் பிறகு ஹெட் குமாஸ்தாவான வெங்கடசுப்ரமணியன் வீட்டுக்கே வந்துவிட்டார். கோட்டுப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார்.

"ஸ்வாமி, முப்பத்திரண்டுல என்னைக் கன்ஃபர்ம் பண்ணி ஆர்டர்ல கையெழுத்துப் போட்டது நீங்க. நீங்க முப்பத்தொண்ணுலயே ரிடையர் ஆயிட்டேள்னா, அது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"அப்ப நீங்க யாரு?"

சேஷகிரி அவருக்கு நாற்காலியைக் காட்டினார். அந்த உத்தரவை நம்பித்தான் தமக்குப் பெண் கொடுத்தார்கள் என்று வெங்கடசுப்ரமணியன் சொன்னார். இப்போது மூன்று குழந்தைகள். நான்காவதற்கு நாள் குறித்திருக்கிறது. ஆர்டர் செல்லாதென்றால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டார். சாப்பிடச் சொன்னபோது சாப்பிட்டார். ஆனால் எழுந்து போகவில்லை. சாயங்காலம் ரமா திரும்பி வந்தபோதும் அதே நாற்காலியில் இருந்தார்.

கடைசியில் சேஷகிரி மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டார். வாபஸ் வாங்க ஒரு காரணம் வேண்டுமே. இணைக்கப்பட்ட ஜாதகம் தம்முடையதல்லவென்றும், குடும்பத்தில் வேறொருவருடையது தவறுதலாக வந்துவிட்டதென்றும் எழுதிக் கையெழுத்திட்டார். வெங்கடசுப்ரமணியன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிக்கொண்டு போனார்.

நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் ரங்கூனுக்கு எழுதினார். கடிதம் போக எட்டு நாள், வர எட்டு நாள். பதினெட்டாம் நாள் பதில் வந்தது. ஜாதகம் அப்பாவுடையதல்லவென்று அப்பாவே எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு, அப்பா அப்பாதானா என்று அதிகாரிக்குச் சந்தேகம் பலத்துவிட்டது என்று வெங்கடராமன் வருத்தத்தோடு தெரிவித்திருந்தான். குழந்தைகள் தாத்தாவுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னார்களாம்.

தம் வயதைத் தொடமுடியாதென்றால் மகன் வயதைத் திருத்துவதுதான் வழி. சேஷகிரி அவன் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமை ஆசிரியர் மரியாதையாக உட்காரவைத்து, பழைய பதிவேட்டைத் தூசி தட்டிக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பக்கத்தில் இருந்தது சேஷகிரியின் கையெழுத்தேதான். மேலே குறித்த தேதி சத்தியமானது என்றும், பொய்யென்று தெரியவந்தால் பையன் பெற்ற சர்டிபிகேட் ரத்தாவதற்குச் சம்மதம் என்றும் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். முப்பத்து மூன்று வயதின் கையெழுத்து. இப்போதையதைவிட உறுதியாக இருந்தது.

சர்டிபிகேட் ரத்தானால் ரங்கூனில் மரக் கம்பெனி உத்தியோகம் என்னாகும் என்று தலைமை ஆசிரியர் கேட்டார். சேஷகிரி நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது வேறொரு காகிதம் அவர் நினைவுக்கு வந்தது. அது எப்போதும் வருவதுதான். இப்போதெல்லாம் அடிக்கடி வந்தது.

1918இல் ஊரெல்லாம் விஷக் காய்ச்சல் பரவிய ஐப்பசி மாதம். வெங்கடராமன் அப்போது அவர் ஆபீஸிலேயே, அவருக்குக் கீழேயே குமாஸ்தா. பத்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் பெற்ற மகனிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கிற ஹெட் குமாஸ்தா என்று சேஷகிரிக்குப் பெயர். அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. தும்கூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த அவர் மனைவி பாகீரதிக்குக் காய்ச்சல் என்று தந்தி வந்தது. வெங்கடராமன் மூன்று நாள் லீவு கேட்டு எழுதிக்கொண்டு வந்து அவர் மேஜையில் வைத்தான். ஆபீஸில் பாதிப் பேர் படுத்திருந்தார்கள். மகனுக்கு மட்டும் லீவு கொடுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவர் யோசித்தார். "ஏற்கெனவே நால்வர் விடுப்பில். மனு நிராகரிக்கப்படுகிறது" என்று ஓரத்தில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போய்க்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். பாகீரதி வெள்ளிக்கிழமையே போய்விட்டாள்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு வெங்கடராமன் ராஜினாமாக் கடிதத்தை அதே மேஜையில் வைத்தான். போதிய அவகாசம் தராமல் விலகுவது விதிக்கு முரண் என்று சேஷகிரி அதன் ஓரத்திலும் எழுதினார். அதைப் படிக்க மகன் நிற்கவில்லை. ரங்கூன் போய்ச் சேர்ந்த பிறகு மாதம் ஒரு கடிதம் எழுதினான். மரியாதையான கடிதங்கள். அந்த ஐப்பசியைப் பற்றி அவனும் எழுதியதில்லை, இவரும் எழுதியதில்லை.

இதைத்தான் நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்று சேஷகிரி நினைத்திருந்தார். வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் ரமாவுக்குத் தெரிந்திருந்தது.

"வரேன் வரேன்னு எழுதறேளே அப்பா, எதுக்கு வரேள்னு எழுதிடுங்கோளேன்" என்றாள் அன்று இலை போடும்போது.

"அதெல்லாம் காகிதத்தில எழுதற விஷயமில்லை."

"லீவு இல்லேன்னது மட்டும் காகிதத்தில எழுதினேள்."

சேஷகிரி சாதத்தைப் பிசைந்துகொண்டேயிருந்தார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் சொன்னாள். அதற்குப் பிறகும் ஒரு தரம் சொன்னாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமே, இப்போது என்ன அவசரம் என்றாள். மகள் தன்னைத் தனியே விட்டுவிட்டுப் போகாதே என்கிறாள் என்று சேஷகிரி எடுத்துக்கொண்டார். கோடை லீவுக்கு அவளையும் ரங்கூனுக்கு வரவழைப்பதாக வாக்களித்தார்.

ஆஸ்டின் டவுனில் ஆம்ப்ரோஸ் என்று ஒருவர் இருந்தார். கோர்ட் வாசலில் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு மனு, பத்திரம், அஃபிடவிட் எல்லாம் அடித்துக் கொடுப்பவர். வக்கீல்களே அவரிடம் யோசனை கேட்பார்கள் என்று சொல்லிக்கொள்வார். அவரே சொல்வது. சேஷகிரி கட்டைப் பிரித்து வைத்ததும் ஆம்ப்ரோஸ் பொறுமையாக எல்லாவற்றையும் படித்தார். பிறகு, பதினொரு வயதில் பிள்ளை பிறப்பதுதான் கஷ்டம், பிள்ளை வந்து சேருவது கஷ்டமில்லை என்றார்.

"அடாப்ஷன்னு போட்டுடுவோம் ஸார். சொந்தத்துல யாராவது பெத்தாங்க, நீங்க ஸ்வீகாரம் எடுத்தீங்க. அப்புறம் வயசை எவன் கேப்பான்?"

சொந்தத்தில் இருந்தவர் சேஷகிரியின் தம்பி அனந்தபத்மநாபன் ஒருவர்தான். ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். மூன்று வருஷம் இளையவர். வயதைத் திருத்தாதவர். அதனால் காகிதத்தில் அண்ணனைவிட மூன்று வருஷம் மூத்தவர். பிள்ளை பிறந்தபோது அவருக்கும் பதினாலு வயதுதான் வரும், ஆனால் அது அந்தக் காலத்தில் நடக்கக்கூடியதுதான் என்றார் ஆம்ப்ரோஸ். ஒரே ஒரு குறை, அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. மல்லேஸ்வரத்தில் ஒரு மாடியறையில் தனியாக இருந்துகொண்டு, சனிக்கிழமை பஜனையில் ஹார்மோனியம் வாசித்து, நைஷ்டிகப் பிரம்மசாரி என்று பெயர் வாங்கியிருந்தார்.

"அண்ணா, உனக்காக உயிரைக் கேளு, தரேன். பிள்ளையைக் கேக்காதே" என்றார் அவர்.

சேஷகிரி வற்புறுத்தவில்லை. சும்மா எதிரில் உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்திருப்பதை வெங்கடசுப்ரமணியனிடம் கற்றுக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் அனந்தபத்மநாபன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆம்ப்ரோஸ் டைப் அடித்துக்கொண்டே வந்து, பையனைப் பெற்ற தாயார் பெயர் என்ன, காலஞ்சென்ற என்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஒரு பெயர் வேண்டும் என்றார். அனந்தபத்மநாபன் ஒரு நொடிகூட யோசிக்காமல் "குமுதவல்லி" என்றார். சேஷகிரி திரும்பித் தம்பியைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை.

"ஏதோ வாயில வந்தது" என்றார் அனந்தபத்மநாபன் தரையைப் பார்த்துக்கொண்டு.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சேஷகிரியின் பேனா நின்றது. பத்திரத்தில் பாகீரதியின் பெயர் எங்கும் இல்லை. மகனைப் பார்க்காமல் கண்ணை மூடினாள். இப்போது அவனைப் பெற்றவளும் அவளில்லை என்று ஆகிறது. என்ன ஸார், மை வரலையா என்று ஆம்ப்ரோஸ் கேட்டார். வருகிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பத்திரம் ரகசியமாக இருக்கவேண்டியது. ஆனால் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருடைய மைத்துனர் பஜனை மண்டலியில் ஜால்ரா போடுகிறவர். அடுத்த சனிக்கிழமை அனந்தபத்மநாபன் போனபோது ஹார்மோனியத்துக்கு எதிரே வேறொருவர் உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. சுண்டலை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். வாழ்நாளெல்லாம் காத்துவந்த பெயர், செய்யாத காரியத்துக்காகப் போய்விட்டது. அவர் இதற்காக அண்ணனைக் குறை சொல்லவில்லை. ஆனால் பத்திரத்தில் 'என் இளைய சகோதரர் சேஷகிரி' என்று இருந்ததை இரண்டு தரம் படித்துப் பார்த்துக்கொண்டார் என்று ரமா பிற்பாடு சொன்னாள்.

பத்திரத்தின் நகலை ரமாதான் அழகான எழுத்தில் எடுத்துக் கொடுத்தாள். எழுதி முடித்துவிட்டு, இதை அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்டாள். சேஷகிரி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார்.

பதில் வர ஒரு மாதமாயிற்று. பொங்கல் கழிந்து வந்தது. வெங்கடராமன் நீளமாகவே எழுதியிருந்தான். அதிகாரி பத்திரத்தைப் பார்த்தார். மிகவும் திருப்திகரமாக இருக்கிறது என்றார். ஆனால் சட்டத்தில் 'பெற்ற தகப்பன்' என்றுதான் இருக்கிறது, ஸ்வீகாரத் தகப்பனுக்கு இடமில்லை. மேற்படி பத்திரத்தின்படி பெற்ற தகப்பன் சித்தப்பாதான் என்று ஆகிறபடியால் சித்தப்பா வருவதற்கு யாதொரு தடையுமில்லை. சித்தப்பா எப்போது வேண்டுமானாலும் வரலாம். குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அவர் வந்தால் ரொம்ப நன்றாக இருக்கும்.

சேஷகிரி கடிதத்தை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். ஆறு மாதம் அலைந்து, தாம் தம் மகனுக்கு அப்பனில்லை என்று தாமே நிரூபித்துக் கொடுத்திருப்பது மெதுவாக விளங்கியது.

அனந்தபத்மநாபனுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் முதலில் பதறினார். அண்ணா போகவேண்டிய இடத்துக்குத் தான் போவதா என்றார். அரை மணி கழித்து, ரங்கூனில் குளிர் எப்படி என்று விசாரித்தார். மறுநாள் வந்து, குழந்தைகளுக்குக் கலர் பென்சில் அங்கே கிடைக்குமா, இங்கிருந்தே கொண்டுபோகவேண்டுமா என்று கேட்டார். பஜனையும் இல்லாமல் அந்த மாடியறையில் அவருக்கும் நாள் போகவில்லை.

சேஷகிரி இரண்டு நாள் காகிதக் கட்டைப் பிரிப்பதும் கட்டுவதுமாக இருந்தார். மூன்றாம் நாள், தம்பியே போகட்டும் என்று சொல்லிவிட்டார். குடும்பத்தில் ஒருத்தராவது அந்தக் குழந்தைகளைக் கண்ணால் பார்க்கட்டும். அதோடு, தம்பி மூலமாகச் சொல்லி அனுப்பலாம். எழுதவும் வேண்டாம்.

"என்ன சொல்லணும்னு சொல்லு அண்ணா. அப்படியே சொல்லிடறேன்" என்றார் அனந்தபத்மநாபன்.

சேஷகிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். 1918ஆம் வருஷம் அக்டோபர் மாதம் சமர்ப்பிக்கப்பட்ட விடுப்பு மனு சம்பந்தமாக, என்று ஆரம்பித்தார். அங்கேயே நிறுத்திவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மாவைப் பார்க்க உன்னை விடாதது என் தப்புன்னு அப்பா சொன்னார்னு சொல்லு."

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ரமாவின் கை நின்றுபோயிற்று.

"இதை நீயே வந்து சொன்னா நன்னா இருக்கும் அண்ணா."

"எனக்குத்தான் பர்மிஷன் இல்லையே" என்றார் சேஷகிரி.

கப்பல் டிக்கெட் வாங்குவது பாக்கி இருந்தது. அனுமதி வராமல் டிக்கெட் விசாரிப்பது சேஷகிரிக்கு வழக்கமில்லை. அதனால் இதுவரை அந்தப் பக்கமே போகவில்லை. ஸ்கூலிலிருந்து நாலு எட்டுதான், சாயங்காலம் தானே வாங்கிக்கொண்டு வந்துவிடுவதாக ரமா சொன்னாள். வேண்டாம் என்றார். வெயிலில் அவ்வளவு தூரம் எதற்கு, ஒரு காகிதத்தில் விவரத்தை எழுதிக் கொடுத்தால் போதும் என்று காலையில் மறுபடியும் கேட்டாள். இந்த ஒரு காரியத்தையாவது நானே முடிக்கிறேன் என்று சேஷகிரி தலைப்பாகையைக் கட்டிக்கொண்டார். ரமா வாசல்வரை வந்து நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள், குடையை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கன்டோன்மெண்டில் கப்பல் ஏஜெண்டின் ஆபீஸ் சின்னதுதான். மேஜைக்குப் பின்னால் ஓஸ்வால்ட் என்ற குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். நடுவயதுக்காரர். நல்ல மனிதர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. மெட்ராஸிலிருந்து ரங்கூனுக்கு ஒரு டிக்கெட் என்று சேஷகிரி சொன்னதும், அடுத்த வாரக் கப்பலில் இடம் இருக்கிறதென்று சொல்லிப் புத்தகத்தை எடுத்தார்.

அவர் பெயரைக் கேட்பதற்குள் சேஷகிரி சிவப்பு நாடா கட்டிய கட்டை மேஜைமேல் வைத்து அவிழ்த்தார். வரிசைப்படி எண் போட்டிருந்தார். சர்வீஸ் புத்தக நகல். ஜாதகம். ஜாதகம் தம்முடையதல்ல என்ற வாக்குமூலம். பள்ளிக்கூடப் பதிவேட்டின் நகல். ஸ்வீகாரப் பத்திரம். ரங்கூன் கடிதங்கள், தேதிவாரியாக. போகிறவர் தம் தம்பியென்றும், சட்டப்படி பெற்ற தகப்பன் அவர்தான் என்றும், அவருக்கு எல்லா அத்தாட்சியும் இருக்கிறதென்றும் விளக்கினார். ஸ்வீகாரத் தகப்பனான தமக்கு மட்டும் இடமில்லை என்பதையும் சொன்னார்.

ஓஸ்வால்ட் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பதினொரு வயது விவகாரத்தில் அவர் உதடு லேசாகத் துடித்தது. ஆனால் சிரிக்கவில்லை. கட்டை மரியாதையாக மூடி, இரண்டு கையாலும் திருப்பி நகர்த்தினார். டிக்கெட் புத்தகத்தில் எழுத விலாசம் கேட்டார். சேஷகிரி சொன்னார். ஓஸ்வால்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சாமராஜபேட்டை சேஷகிரின்னா, ரமா டீச்சரோட ஃபாதரா? என் பொண்ணு டோரீன் அவங்க கிளாஸ்லதான் படிக்குது."

ஆமாம் என்றார் சேஷகிரி. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தெரிந்த மனிதராகிவிட்டதால், காகிதங்களில் ஏதாவது குறை இருந்தால் இப்போதே சொல்லிவிடவேண்டும், தம்பியையும் அங்கே துறைமுகத்தில் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

ஓஸ்வால்ட் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரங்கூனுக்கு யார் போறதுக்கும் ஒரு காகிதமும் வேணாம் ஸார், டிக்கெட் இருந்தாப் போதும், போன ஆகஸ்ட்ல உங்க ரமா டீச்சர் வந்து கேட்டப்பவே சொல்லி அனுப்பினேனே."